சேதுபதி கையெழுத்துப் போடாத தாள்

துபாயின் ஜெபல் அலியில் இருக்கும் அந்தத் தொழிலாளர் கேம்ப்பில் ஆயிரத்து நூறு பேர் தங்கியிருக்கிறார்கள். எல்லோரும் ஒரே கம்பெனியின் வேர்ஹவுஸ்களில் வேலை பார்ப்பவர்கள். அவர்களுக்கென்று ஒரு வெல்ஃபேர் கமிட்டி உண்டு. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பெட்டி வைத்துத் தேர்தல் நடக்கும். பிளாக்குக்கு ஒருவராக ஒன்பது பேர் வருவார்கள். அந்த ஒன்பது பேரும் சேர்ந்து தங்களில் ஒருவரைத் தலைவராக்குவார்கள். இப்போதைய தலைவர் முதுகுளத்தூர்ப் பக்கத்துச் சேதுபதி. வயது நாற்பத்தாறு. ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார்.

தமிழ் ஆட்கள் அவரை ‘மெம்பர்’ என்று கூப்பிடுவார்கள். அதில் மரியாதை பாதி, கிண்டல் பாதி. ஊரில் வார்டு மெம்பர் தேர்தலில் நின்று பதினோரு ஓட்டில் தோற்றவர் அவர். தோற்ற மறுமாதம் விசா வந்தது. ஒன்பது வருடமாகிறது. அவருடைய மனைவி கனகா போனில் இன்றைக்கும் அதை விடுவதில்லை.

“ஊர்ல நம்ம தெருக் குழாய்ல தண்ணி வரல. நீங்க அங்க உக்காந்து ஊரான் தண்ணிக்குப் பஞ்சாயத்துப் பண்றீக.”

தண்ணீர் விஷயத்தில் அவள் சொன்னது உண்மைதான். ஜூன் மாதத்தில் கேம்ப்பின் மொட்டைமாடித் தொட்டியில் தண்ணீர் கொதிக்கும். குளிக்கிறவன் தோல் சிவக்க வெளியே வருவான். முந்தைய தலைவர் நான்கு கடிதம் எழுதினார், நடக்கவில்லை. சேதுபதி கடிதம் எழுதவில்லை. மதியம் இரண்டு மணிக்குக் கேம்ப் மேனேஜர் ஸ்ரீனிவாசனை ஏதோ சாக்குச் சொல்லி மாடி பாத்ரூமுக்கு அழைத்துப்போய், “சார், இங்க கை கழுவிக்கங்க” என்றார். ஸ்ரீனிவாசன் குழாயைத் திறந்து, கையை உதறிக்கொண்டு ஒரு எட்டுப் பின்னால் போனார். அடுத்த வாரம் தொட்டிகளுக்கு மேலே தகரக் கூரை ஏறியது. சேதுபதிக்கு வாதம் பண்ண வராது. ஆளை இடத்துக்குக் கூட்டிப்போகத் தெரியும்.

ஆனால் எல்லா விஷயத்திலும் அவர் அப்படி இருந்ததில்லை. கேம்ப்பில் ஒழுங்கு மீறியதாக ஒருவனை ஊருக்கு அனுப்ப வேண்டுமானால் அதற்கு ஒரு தாள் உண்டு. செக்யூரிட்டி ஒரு கையெழுத்து, மேனேஜர் ஒரு கையெழுத்து, மூன்றாவதாகக் கமிட்டித் தலைவர். தலைவரான ஒன்றேகால் வருடத்தில் சேதுபதி அப்படி இரண்டு தாள்களில் கையெழுத்துப் போட்டிருந்தார். இரண்டையும் படிக்கவில்லை. இங்கிலீஷில் நான்கு பக்கம். இரண்டு பேர் ஏற்கெனவே போட்டாயிற்று, நம் பேனாவில் என்ன மாறப்போகிறது என்று நினைத்தார்.

மூன்றாவது தாள் ஒரு திங்கட்கிழமை வந்தது. பேர் வஸ்வா. உகாண்டாக்காரன், பேக்கிங் செக்‌ஷன். செல்போன் திருட்டு. வியாழக்கிழமை விமானம்.

வேர்ஹவுஸுக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. அதனால் கேம்ப் கேட்டை ஒட்டி ஒரு சார்ஜிங் ரூம். காலை ஐந்தரை பஸ்ஸுக்குப் போகிறவர்கள் போனை அங்கே வைத்துவிட்டுப் போவார்கள். சனிக்கிழமை சாயங்காலம் ஆட்கள் திரும்பி வந்தபோது ஐந்து போன்களைக் காணவில்லை. கேட் செக்யூரிட்டி ஹஸ்னைன், பாகிஸ்தான் ஆள், அன்று கேம்ப்பிலேயே இருந்தவர்களை விசாரித்தான். ஒருவன் சாட்சி சொன்னான். சாட்சி சொன்னதை ஹஸ்னைன் இங்கிலீஷில் எழுதினான்: பையுடன் ஒரு கருப்பு ஆள் வெளியே போனான்.

எழுதியதில் நேரம் எதுவும் இல்லை; அதனால் சார்ஜிங் ரூம் கேமராவில், ஆட்கள் திரும்புகிற சாயங்காலம் ஐந்திலிருந்து ஏழு வரை பார்த்தார்கள். முதல் பஸ்ஸில் இறங்கிய வஸ்வா துணிப்பையோடு உள்ளே போவதும், போனை எடுத்துக்கொண்டு துணிப்பையோடு வெளியே வருவதும் தெரிந்தது. அவ்வளவுதான், முடிந்தது. மறுநாள் ஞாயிறு, விடுமுறை. சி பிளாக்கில் இருக்கும் ஆப்பிரிக்க ஆட்கள் அறுபத்து நான்கு பேரின் பெட்டிகளையும் திறந்தார்கள். மெத்தைகளைப் பிரித்தார்கள். மக்காச்சோள மாவு டப்பாவுக்குள்கூடக் கைவிட்டுப் பார்த்தார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை. கிடைக்காதது, எங்கேயோ விற்றுவிட்டான் என்பதற்கு அத்தாட்சியாயிற்று. வேறு எந்த பிளாக்கிலும் யாரும் நுழையவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை சேதுபதி பொதுக் கிச்சனில் மத்தி மீன் கழுவிக்கொண்டிருந்தார். “சி பிளாக்ல செக்கிங்காம் மெம்பரே” என்று ரூம்மேட் அருள்முருகன் சொன்னான். “பாக்கட்டும்” என்று சொல்லிவிட்டுச் செதில் எடுத்தார்.

திங்கட்கிழமை தாள் வந்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, வஸ்வா அவர் ரூம் வாசலில் வந்து நின்றான். முப்பது வயதிருக்கும். நல்ல உயரம். கதவு நிலைக்குக் கீழே குனிந்து நிற்க வேண்டியிருந்தது. அழவில்லை, கெஞ்சவில்லை. கேம்ப் இந்தியும் இங்கிலீஷும் கலந்து கேட்டான்.

“சீஃப், நீ போட்டுட்டியா?”

“இன்னும் இல்ல.”

“போடு, போடாம இரு. எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லு. அந்தத் தாள்ல என் பேரு எத்தனை தடவை வருது?”

என்ன கேள்வி இது என்றுதான் சேதுபதிக்குத் தோன்றியது. ஆனாலும் தாளை எடுத்தார். இங்கிலீஷ் வாக்கியம் முழுக்கப் புரியாவிட்டாலும் எழுத்துக்கூட்டத் தெரியும். விரலை வைத்து நான்கு பக்கமும் தேடினார். வஸ்வா என்ற பேர் ஒரு தடவை, முதல் பக்கத்தில், விசா நம்பருக்குப் பக்கத்தில். ‘பிளாக் மேன்’ ஏழு தடவை.

விரல் தாளிலேயே இருந்தது. “பையில என்ன வச்சிருந்த?” என்று கேட்டார்.

“வாழைக்காய். எங்க ஊர்க் கடையிலேர்ந்து. அவிச்சுத் திங்க.”

அவன் போனதும் கட்டிலில் படுத்திருந்த அருள்முருகன் எழுந்து உட்கார்ந்தான்.

“போட்டுக் குடுத்துட்டு வாங்கண்ணே. தேர்தல் வரப்போகுது. ஒரு கருப்பனுக்காக மேனேஜரப் பகைச்சுக்கிட்டு நமக்கு என்ன ஆகப்போகுது?”

“யாருடா கருப்பன்?”

“அவய்ங்கதான்.”

“போயி கண்ணாடியப் பாத்துட்டு வந்து சொல்லு.”

“நான் மாநெறம்ணே!”

“ஆமா. பாஸ்போர்ட் போட்டோவுல.”

மேல் கட்டில்களில் இருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். அருள்முருகனும் சிரித்துவிட்டான். சேதுபதி மட்டும் சிரிக்கவில்லை. நேற்றுவரைக்கும் அவர் வாயிலும் அந்த வார்த்தைதான் இருந்தது. வேலைத்தளத்தில் ஒரு சரக்குப் பாலெட்டை நகர்த்தச் சொல்லும்போது “அந்தக் கருப்பங்கிட்டச் சொல்லு” என்று சொல்லியிருக்கிறார். இப்போது இங்கிலீஷில் ஏழு தடவை படித்த பிறகு, அது நாக்கில் வேறு மாதிரி இருந்தது.

சாட்சி யார் என்று பார்த்தார். கையெழுத்து தமிழில் இருந்தது. விஜயபாஸ்கர், சிவகங்கைப் பக்கம். வந்து நான்கு மாதம் ஆகிறது. இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். சனிக்கிழமை காய்ச்சலென்று லீவில் இருந்தவன். சேதுபதி அவனைத் தேடிப்போனபோது துணி காயப்போட்டுக்கொண்டிருந்தான்.

“ஏப்பா, அந்த ஆளு கருப்பா இருந்தாருன்னு நீதான் சொன்னியா?”

“நான் எங்கண்ணே சொன்னேன்? ஆளு மூஞ்சியவே நான் பாக்கலையே. முதுகத்தான் பாத்தேன். தொப்பி வச்சிருந்தாப்ல.”

“கையெழுத்துப் போட்டிருக்கியேப்பா.”

“போடச் சொன்னாய்ங்க, போட்டேன். இங்கிலீசுல இருந்துச்சு.” துணியைக் கையில் வைத்துக்கொண்டே நின்றான். “ஏண்ணே, என்ன எழுதியிருக்கு?”

சேதுபதி சொன்னார். விஜயபாஸ்கர் துணியைக் கீழே போட்டான். “அய்யய்யோ. நான் அப்புடிச் சொல்லவே இல்லண்ணே. சாமி சத்தியமா இல்ல.”

“அப்ப என்னதான் சொன்ன? அன்னைக்கு எப்புடிச் சொன்னியோ அப்புடியே சொல்லு. ஒரு எழுத்து மாத்தாத.”

விஜயபாஸ்கர் ஹஸ்னைன் முன்னால் நிற்பதுபோல் நிமிர்ந்து நின்றான். தெரிந்த இந்தி நான்கு வார்த்தை; மிச்சத்துக்குத் தமிழ். வேகமாகச் சொன்னான்: “பாய், காலை ஆறு மணி, தைலி லேகே கயா.”

பையை எடுத்துக்கொண்டு போனான். அது சரி. அதற்கு முன்னால்?

“இன்னொரு தரம் சொல்லு.”

“காலை ஆறு மணி, தைலி லேகே கயா.”

ஒன்பது வருடமாக இந்தி கேட்ட காது சேதுபதிக்கு. மூன்றாவது முறை சொல்லச் சொல்லி, கண்ணை மூடிக்கொண்டு, தமிழே தெரியாத ஒருவனைப்போலக் கேட்டார். காலை ஆறு மணி. காலாஆறுமணி. காலா ஆத்மி.

கருப்பு ஆள்.

“அடப் பாவி!” என்றார். யாரைச் சொன்னார் என்று அவருக்கே தெரியவில்லை.

வேறொருவராக இருந்தால் நேரே மேனேஜரிடம் ஓடியிருப்பார். சேதுபதி விஜயபாஸ்கரைக் கையைப் பிடித்துக் கேட்டுக்குக் கூட்டிப்போனார். ஹஸ்னைன் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான். எழுதப் படிக்கத் தெரிந்தவன், ரிஜிஸ்டரில் ஒரு அடித்தல் திருத்தல் இருக்காது. அந்தப் பெருமை அவனுக்கு உண்டு.

“ஹஸ்னைன் பாய், இந்த ஆளு அன்னைக்குச் சொன்னத இன்னொரு தடவை சொல்றாராம். கேளு” என்றார் சேதுபதி இந்தியில்.

விஜயபாஸ்கர் சொன்னான். அதே வேகம்.

ஹஸ்னைன் டம்ளரை வைத்துவிட்டு மேசையைத் தட்டினான். “பார்த்தீங்களா! இப்பவும் அதேதான் சொல்றான்! காலா ஆத்மி, தைலி லேகே கயா. நான் ஒரு வார்த்தை கூட்டி எழுதல சேதுபாய்!”

சேதுபதி கைக்கடிகாரத்தைக் கழற்றி அவன் முன்னால் வைத்தார். “தமிழ்ல ‘காலை’ன்னா சுபஹ். ‘ஆறு’ன்னா சே. ‘மணி’ன்னா பஜே. இந்த ஆளு உங்கிட்ட நேரத்தச் சொல்லிருக்கான் பாய். நிறத்தச் சொல்லல.”

ஹஸ்னைன் முதலில் சிரிக்கப் பார்த்தான். அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது. கடிகாரத்தைப் பார்த்தான், விஜயபாஸ்கரைப் பார்த்தான். “சுபஹ் சே பஜே?” என்று கேட்டான். விஜயபாஸ்கர் ஆறு விரல் காட்டினான். ஹஸ்னைன் உட்கார்ந்துவிட்டான்.

“ஆறு மணிக்கு நைட் டூட்டி ஆளும் வந்திருக்க மாட்டான், டே டூட்டி ஆளும் போயிருப்பான்” என்று அவனே முணுமுணுத்தான். பிறகு, “என் வேலை போயிரும் சேதுபாய்” என்றான்.

“நீ மறைச்சா போகும். நீயே வந்து சொன்னாப் போகாது. நான் பக்கத்துல நிக்கிறேன்.”

செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு மூன்று பேரும் ஸ்ரீனிவாசனின் ஆபீஸில் இருந்தார்கள். ஸ்ரீனிவாசன் சென்னை ஆள், பர் துபாயில் குடும்பத்தோடு இருக்கிறார். கெட்டவர் இல்லை. எதையும் சீக்கிரம் முடித்துவிட வேண்டும் அவருக்கு. ஹஸ்னைன் தானாகவே எழுந்து, தான் தவறாகக் கேட்டதைச் சொன்னான். ஸ்ரீனிவாசன் விஜயபாஸ்கரை ஒரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டு, “மை காட்” என்று நெற்றியைத் தடவினார். உடனே காலை நேரக் கேமராவைப் போட்டார்கள். ஆறு மணி நான்கு நிமிடம்: ஏ.சி. ரிப்பேருக்கு வருகிற வெளிக் காண்ட்ராக்ட் ஆள் ஒருவன், தொப்பி, கையில் கருப்பு பிளாஸ்டிக் பை. அதே ஆறு மணிக்கு வஸ்வா வேர்ஹவுஸ் வாசலில் பஞ்ச் அடித்திருக்கிறான்.

“கேஸ் க்ளோஸ்” என்றார் ஸ்ரீனிவாசன். “ஃப்ளைட்டை இப்பவே கேன்சல் பண்ணிடறேன். அந்த ஏ.சி. ஆளை போலீஸ் பாத்துக்கட்டும். சூப்பர் வேலை பண்ணியிருக்கீங்க சேதுபதி. சந்தோஷம்தானே?”

விஜயபாஸ்கர் பெருமூச்சு விட்டு எழுந்தான். ஹஸ்னைனும் எழுந்தான். சேதுபதி எழவில்லை.

“இன்னும் ஒண்ணு இருக்கு சார்.”

“என்ன?”

“இவன் தமிழ்ல சொன்னதால அந்த உகாண்டா ஆளு தப்பிச்சான். நெசமாவே கருப்பு ஆளப் பாத்தேன்னு இவன் சொல்லியிருந்தா?”

“அது நடக்கலையே. நடக்காததை எதுக்குப் பேசணும்?”

“நடந்துச்சே சார். அறுபத்து நாலு பேரு மெத்தையப் பிரிச்சோம்.”

“பிரிச்சோமா? நீங்க எங்க பிரிச்சீங்க?”

“நான் மீன் கழுவிக்கிட்டிருந்தேன் சார். அதுவும் அதுல சேத்திதான்.”

ஸ்ரீனிவாசன் பேனாவை மூடினார். சேதுபதிக்கு வாதம் வராது என்றாலும் அன்றைக்கு வார்த்தை வந்தது. “ஒரு தமிழாள் பையோட போனான்னு இவன் சொல்லியிருந்தா, எங்க இருநூத்திப் பத்துப் பேரு பெட்டியையும் தொறந்திருப்பீங்களா? சரி, எங்கள விடுங்க. நீங்களும் தமிழாள்தானே சார்? ஒங்க மேசை டிராயர?”

ஸ்ரீனிவாசனின் கை தன்னையறியாமல் டிராயரின் மேல் போயிற்று. அதை அவரே பார்த்தார். ஹஸ்னைன் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

“என்ன வேணும் உங்களுக்கு?”

வேண்டியதையெல்லாம் சேதுபதி திங்கட்கிழமை மாலையே கமிட்டியின் மற்ற எட்டுப் பேரோடு உட்கார்ந்து பேசியிருந்தார். ரிஜிஸ்டரில் ஆளின் பேரும் ஐடி நம்பரும் எழுத வேண்டும்; தெரியாவிட்டால் தெரியாது என்று எழுத வேண்டும், நிறத்தையும் நாட்டையும் எழுதக் கூடாது. சாட்சி தன் மொழியில் சொல்ல வேண்டும், அந்த மொழி தெரிந்த ஒருவன் பக்கத்தில் இருந்து படித்துக் காட்டிய பிறகுதான் கையெழுத்து. ரூமுக்குள் சோதனை என்றால் கமிட்டி ஆள் ஒருவர் கூட நிற்க வேண்டும். கேட்டில் பை சோதிப்பதைப் பற்றித்தான் கமிட்டியில் முடிவு எட்டப்படவில்லை. செக்யூரிட்டி கண்ணுக்கு யார் படுகிறானோ அவன் பை திறக்கப்படும். பட்டவர்கள் எப்போதும் சி பிளாக் ஆட்கள். அதற்கு வழி சொன்னது, யாரும் எதிர்பார்க்கவில்லை, ஹஸ்னைன்.

“எண்ணிடலாம் சார்” என்றான். “பத்தாவது ஆள். யாரா இருந்தாலும் பத்தாவது ஆள். யாரை நிறுத்தணும்னு நான் யோசிக்க வேண்டாம்னா எனக்கே பெரிய நிம்மதி.”

ஸ்ரீனிவாசன் ஹெட் ஆபீஸுக்கு எழுதிப் பார்க்கிறேன் என்றார். சேதுபதி அந்த நான்கு பக்கத் தாளை மேசைமேல் வைத்து, தன் கையெழுத்துக்கென்று விட்டிருந்த காலி இடத்தைக் காட்டினார். “பதில் வர்ற வரைக்கும் இனி எந்தத் தாள்லயும் இந்த இடம் இப்புடித்தான் இருக்கும் சார். அடுத்த மாசம் ஆடிட்டுக்கு வர்றவங்க கேட்டா, காரணத்த நான் சொல்லிக்கிறேன்.” பிறகு இன்னொன்றும் கேட்டார். தான் முன்னால் படிக்காமல் கையெழுத்துப் போட்ட இரண்டு தாள்களின் நகல். ஸ்ரீனிவாசன், “அவங்க ரெண்டு பேரும் போயாச்சு சேதுபதி” என்றார். “தெரியும் சார். படிக்கத்தான் கேக்குறேன்.” படித்தார். ஒன்றில் காரணம் இருந்தது. மற்றதில் இருந்ததைக் காரணம் என்று சொல்ல முடியாது. அந்தத் தாள் இன்னும் அவர் பெட்டிக்குள் இருக்கிறது.

ஹெட் ஆபீஸ் பதில் புதன்கிழமை மாலை வந்தது. நான்கும் சரி என்றது. விஷயம் கேம்ப்பில் பரவியபோது தமிழ் ரூம்களில் சந்தோஷத்தைவிடக் கேள்விதான் அதிகம்.

“திருடுனவன் எந்த நாட்டுக்காரண்ணே?” என்று அருள்முருகன் கேட்டான்.

“ஏ.சி. மெக்கானிக்.”

“அது வேலை. நான் நாட்டக் கேட்டேன்.”

“அவன் பேரு ரிப்போர்ட்ல இருக்கு. போலீஸுக்கு அது போதும். உனக்கு எதுக்கு?”

“சும்மா தெரிஞ்சுக்கத்தான்…”

“தெரிஞ்சுக்கிட்டா நாளைக்கு அந்த நாட்டு ஆளுக பைய முறைச்சுப் பாப்ப. போயிப் படு.”

அன்றிரவு கனகாவிடம் போனில் எல்லாவற்றையும் சொன்னார். அவள் கடைசிவரை கேட்டுவிட்டு, “காலை ஆறு மணியா!” என்று விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு, “அந்தப் பையனுக்குப் புள்ளகுட்டி இருக்கா?” என்று கேட்டாள். சேதுபதிக்குத் தெரியவில்லை. “அதக்கூடக் கேக்கல, இவரு தலைவராம்” என்று வைத்துவிட்டாள்.

வியாழக்கிழமை விடியலில், விமானத்தில் இருக்க வேண்டிய வஸ்வா ஐந்தரை பஸ்ஸில் ஏறினான். சி பிளாக் ஆட்கள் பஸ்ஸின் தகரத்தைத் தட்டித் தாளம் போட்டார்கள். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த விஜயபாஸ்கர் எழுந்து தன் சீட்டைக் காட்டினான். வஸ்வா அதில் உட்காரவில்லை. விஜயபாஸ்கரின் தோளை அழுத்தி உட்காரவைத்துவிட்டுப் பக்கத்தில் நின்றுகொண்டான். இருவருக்கும் பொதுவாக ஒரு பாஷை இல்லை. வஸ்வா ஆறு விரல் காட்டினான். அதைப் பார்த்து பஸ்ஸே சிரித்தது. சேதுபதி நின்ற இடத்திலிருந்தே, “புள்ளைக எத்தனை?” என்று இந்தியில் கத்திக் கேட்டார். “ட்வின்ஸ், சீஃப்! நானும் ட்வின், அதுகளும் ட்வின்ஸ்!”

சனிக்கிழமை சாயங்காலம் கேட்டில் புது முறை ஆரம்பமானது. ஹஸ்னைன் சலவை செய்த யூனிஃபார்மில் நின்று சத்தமாக எண்ணினான். முதல் பத்தாவது ஆள் ஒரு நேபாளி. இரண்டாவது பத்தாவது ஆள் அருள்முருகன்.

“நானா? எட்டு வருசத்துல என் பைய எவனும் தொட்டதில்ல தெரியுமா?”

“அதான் தொறக்கச் சொல்றாரு” என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள். பையில் ஒரு ஊறுகாய்ப் பாட்டிலும், சின்ன டப்பாவில் முகம் வெளுக்கிற க்ரீமும் இருந்தன. வரிசை முழுக்கச் சிரித்தது. “மாநெறம்!” என்று விஜயபாஸ்கர் கூவினான்.

ஹஸ்னைன் மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தான். வரிசை நகர்ந்தது. வஸ்வாவின் முறை வந்தபோது அவன் வழக்கம்போல நின்று, யாரும் சொல்லாமலே துணிப்பையின் வாயை விரித்து நீட்டினான். உள்ளே வாழைக்காய்ச் சீப்பு.

ஹஸ்னைன் பைக்குள் பார்க்கவில்லை. “நீ ஏழாவது ஆள்” என்றான். “உள்ள போ பாய்.”

வஸ்வா ஒரு நொடி அப்படியே நின்றான். பிறகு பையை மூடித் தோளில் போட்டுக்கொண்டு, கேட்டைத் தாண்டி உள்ளே நடந்தான்.

“எட்டு” என்றான் ஹஸ்னைன்.